ஓவராயில்

சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடுவதைப் பற்றி இனிமேல் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெரிய செலவில்லாமல் செய்துவிடலாம். அரை டம்ளர் மண்ணெண்ணெய், தேய்ந்துபோன ஒரு பல் பிரஷ், கிழிந்த பனியன் துணி, தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெய் கொஞ்சம். அழுக்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷால் கணுக் கணுவாகத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சொட்டு விட வேண்டும். பெடலைப் பின்பக்கமாக நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, போட்ட எண்ணெயைத் துணியால் துடைத்தெடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குத்தான் மனசு வராது. போட்டதை எதற்குத் துடைப்பது என்று தோன்றும். தோன்றினாலும் துடைக்க வேண்டும், வெளியே நிற்கிற எண்ணெயில் மண்தான் ஒட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் லேடீஸ் சைக்கிளுக்கு இதைச் செய்கிறேன். மற்ற நாட்களில் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். ஊரார் பிள்ளைகளின் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், வேலைவாய்ப்பு அட்டை எல்லாவற்றையும் மூன்று மூன்று காப்பி எடுத்துக் கொடுத்தே என் வயசு போய்விட்டது. நான் டீச்சர் ட்ரெய்னிங் முடித்தவள் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. சொன்னால், "அப்புறம் ஏங்க வேலைக்குப் போகல?" என்று கேட்பார்கள். அதற்கு ஒரே சொல்லில் பதில் இருக்கிறது. கேட்டால் சிரிப்பார்கள். நானாக இருந்தாலும் சிரிப்பேன்.

அப்போது எங்கள் வீடு கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், மலை ஏறுகிற ரோட்டை ஒட்டி இருந்தது. சுற்றிலும் கரும்பு. அதில் ஒரு குழி நிலம்கூட எங்களுடையது இல்லை. அப்பாவுக்கு இருந்தது ஒரு சைக்கிள். கீழே உப்பும் கருவாடும் வாங்கி, கேரியரில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு கல்வராயன் மலைமேல் ஏறுவார். மிதித்து ஏறுவது கொஞ்ச தூரம்தான், அதற்கு மேல் தள்ளிக்கொண்டே போக வேண்டும். மலையில் சின்னச் சின்ன ஊர்களில் சரக்கை விற்றுவிட்டு, புளி, தேன், கடுக்காய் என்று அங்கே கிடைத்ததை வாங்கிக்கொண்டு இறங்குவார். இறங்கும்போது பிரேக்கை நம்பாமல், பின்னால் ஒரு மரக்கிளையைக் கட்டி இழுத்துக்கொண்டே வருவார். எத்தனை மழையில் நனைந்தாலும் அந்த சைக்கிளில் கருவாட்டு வாசனை போகாது. ட்ரெய்னிங் படித்த காலத்தில் அதில் பின்னால் உட்கார்ந்துதான் பஸ் ஸ்டாப்புக்குப் போவேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைச் சுளித்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அப்பா மேல் கோபம் கோபமாக வரும்.

மலைமேல் ஒரு ஊரில் பள்ளிக்கூடம் இருந்தது, டீச்சர் இல்லை. யாரைப் போட்டாலும் ஒரு மாசத்தில் இறங்கிவிடுவார்கள். பூட்டிய அந்தக் கதவில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் அப்பா வியாபாரம் பார்ப்பார்.

"நீ அங்க டீச்சரா வந்துடு. வாரத்துக்கு ரெண்டு வாட்டி நான் ஏறப் போறேன். உனுக்கு அரிசி, பருப்பு எல்லாம் கேரியர்லயே வந்துடும்" என்பார்.

நான் டீச்சராவேன் என்று அவர் நம்பியதைப் பார்த்துத்தான் நானும் நம்பினேன். படிப்பு முடிந்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்து, ஏழாவது வருஷம் என்னைக் கூப்பிட்டு அட்டை வந்தது. மலைப் பள்ளிகளுக்கு ஆசிரியர் எடுக்கிறார்கள், விழுப்புரத்தில் நேர்முகத் தேர்வு, வியாழக்கிழமை காலை பத்து மணி. அம்மா அதை வாங்கி சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். அப்பா எடுத்து எடுத்துப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கீழே இருந்த ரப்பர் ஸ்டாம்பை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

அட்டை வந்த மூன்றாம் நாள் சாலை மறியல் தொடங்கியது. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததோடு விடாமல் மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் ஒன்றுகூட ஓடவில்லை. கேட்டது நியாயம்தான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. சர்க்கார் ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்த ஆளை எங்கள் ஊரில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அந்த வாரம் எங்கள் பக்கத்தில் நாற்காலிக்குப் போகக் கிளம்பிய ஒரே ஆள் நான். என்னைப் போன்றவர்களுக்காகத்தான் ரோட்டை மறித்தார்கள், நான்தான் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.

"எதுக்கு அழுவற? சைக்கிள் இருக்குது இல்ல?" என்றார் அப்பா. "புதன்கெழம விடியக்காலம் கெளம்புனா பொழுது சாயறதுக்குள்ள விழுப்புரம். ராவுக்கு ரயில்வே டேசன்ல படுத்துக்கலாம்."

அத்தனை தூரம் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு மிதிப்பதைப் பக்கத்துத் தெருவுக்குப் போய்வருவது மாதிரி சொன்னார். அப்புறம் சைக்கிளைத் திருப்பிப் பார்த்துவிட்டு முகம் மாறினார். செயின் துருவேறி, மிதிக்கும்போதெல்லாம் கிறீச் கிறீச் என்று கத்திக்கொண்டிருந்தது.

"ஓவராயிலுக்கு வுடணும். இப்டியே போனா பாதி வழியில காலை வாரிடும்."

பஸ் ஸ்டாப்பில் சைக்கிள் கடை இருந்தது. வாசல் தகரத்தில் 'இங்கு ஓவராயில் செய்யப்படும்' என்று வெள்ளை பெயின்ட்டில் எழுதியிருக்கும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கலுக்கு அப்பா அங்கே வண்டியைக் காலையில் விட்டு, சாயங்காலம் எடுத்து வந்தார். உள்ளே என்ன செய்தார்கள் என்று அவர் பார்க்கவில்லை. வந்தபோது வண்டி எண்ணெய் மினுமினுப்போடு இருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். இப்போது திரும்பவும் அந்தக் கூலியைக் கொடுத்தால், நான் கெஜட்டட் ஆபீசரிடம் கையெழுத்து வாங்கவேண்டிய சான்றிதழ் காப்பிகளுக்கும் போட்டோவுக்கும் கையில் ஒன்றும் மிஞ்சாது.

அப்போதுதான் நான் என் படிப்பைக் காட்டினேன்.

"அது இங்கிலீஷ்பா. ஓவர்னா ஜாஸ்தி. ஆயில்னா எண்ணெ. ஜாஸ்தியா எண்ணெ ஊத்தறதுதான் ஓவராயில். அதுக்குப் போய் அவனுக்கு எதுக்குக் காசு? நானே பண்ணிடறேன்."

 அப்பா அம்மாவைக் கூப்பிட்டார்.

"கேட்டியா இத? இத்தினி நாளா வெறும் எண்ணெ ஊத்தறதுக்கா அவன் காசு வாங்கிக்கினு இருந்தான்! படிச்ச பொண்ணு வூட்ல இருக்கணும்னு சொல்றது இதுக்குத்தான்."

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்து வேலையில் இறங்கினேன். செயினைப் பூட்டுகிற சின்ன லாக்கை ஆணியால் நெம்பிக் கழற்றினேன். ரேஷன் மண்ணெண்ணெயில் ஒரு டம்ளரை உடைந்த சட்டியில் ஊற்றி, செயினைச் சுருட்டி அதில் போட்டு ஊறவைத்தேன். பழைய பிரஷால் தேய்க்கத் தேய்க்கச் சட்டி காப்பித் தண்ணீர் நிறமானது, செயினில் இரும்பு தெரிந்தது. அதுவரைக்கும் நான் செய்தது எல்லாம் சரி. அந்த வேலையைப் பார்த்தவர்கள் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

அதற்குப் பிறகுதான் ஓவராயில். பக்கத்துக் கரும்புக் கொல்லையில் தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜினிலிருந்து வடித்துவைத்த கறுப்பு எண்ணெயை ஒரு பாட்டிலில் வாங்கி வந்திருந்தேன். செயினை மாட்டி, அதன் தலையில் ஊற்றினேன். வண்டியைப் படுக்கவைத்து, பின்சக்கரத்தில் செயின் உட்காருகிற ஃப்ரீவீலின் இடுக்கில் வழிய வழிய ஊற்றினேன். பாட்டில் தீர்ந்தபோது ஜாஸ்தி என்று சொல்லும்படி ஆகவில்லை என்று எனக்குப் பட்டது. உள்ளே போய் விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தேன்.

"அடியே, சைக்கிளுக்கா எண்ணெ தேச்சிக் குளிப்பாட்டற? இன்னிக்கு இன்னா தீவாளியா?" என்று அம்மா கத்தினாள். "அது தலைக்குத் தேய்க்க வெச்சிருக்கறது!"

விளக்கெண்ணெய் சட்டென்று இறங்காது, நூலாக இறங்கும். பொறுமையாக நின்று ஊற்றினேன். அப்பா ஆசையாக வந்து பெடலைச் சுற்றிப் பார்த்தார். கிறீச் சத்தம் போயே போய்விட்டது. ஃப்ரீவீல் சும்மா சுற்றும்போது டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் வருமே, அதுவும் அடங்கிவிட்டது. எவ்வளவு நல்ல வேலை என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம். பெடலை மிதித்தால் சக்கரத்தைக் கவ்விப் பிடிப்பது உள்ளே இருக்கிற ரெண்டு சின்ன இரும்பு நாக்குகள், அவை எழுந்து படுக்கிற சத்தம்தான் அது, அது நின்றால் நாக்கு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எண்ணெயைத் துடைக்கவுமில்லை.

புதன்கிழமை விடிவதற்குள் கிளம்பினோம். சான்றிதழ்களைப் பாலிதீன் பையில் சுற்றி, அதற்கு மேல் ஒரு துண்டைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். புளிச்சோறு பொட்டலம் ஹேண்டில்பாரில் தொங்கியது. கள்ளக்குறிச்சி வரைக்கும் வண்டி வெண்ணெயாகப் போனது. "எப்டி இருக்குது பாத்தியா!" என்று அப்பா திரும்பித் திரும்பிச் சொன்னார். ஊர் முழுக்கக் கடைகள் சாத்தியிருந்தன. தியாகதுருகத்துக்கு முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து வந்தார்.

"எந்த ஊரு? நம்மாளா?"

அப்பா ஊரையும் எங்கள் ஆட்கள்தான் என்பதையும் சொன்னார்.

"பொண்ணுக்கு இன்டர்வ்யூங்க. நாளைக்கிக் காலைல விழுப்புரத்துல இருக்கணும்."

"இன்னாய்யா நீ, ஒரு கார்டுக்காவ இப்டி ஓடற? பொறுத்துக்க. ஒதுக்கீடு மட்டும் வரட்டும், உம் பொண்ணுக்கு வேல வூடு தேடி வரும்" என்றார் அவர். நல்ல மனசோடுதான் சொன்னார். மரத்துக்கு மேல் சைக்கிளைத் தூக்கிக் கொடுக்கவும் உதவினார். அப்பா அந்தப் பக்கம் இறங்கியதும், கிளையில் இருந்த பச்சைப் பிஞ்சுக் காய்களைக் கையில் எடுத்துப் பார்த்தார். புளி வியாபாரி இல்லையா. கீழே போட்டுவிட்டு வந்து ஏறினார்.

அதைத் தாண்டி வரிசையாக மரங்கள். ஒவ்வொன்றிலும் தூக்கி இறக்க முடியாமல் மண்பாதையில் இறங்கினோம். அந்த வருஷம் மழை இல்லை, கணுக்கால் அளவு புழுதி. கொல்லை வரப்பும் வண்டிப்பாதையுமாக மத்தியானம் வரைக்கும் போனோம். நான் குனிந்து பார்த்தபோது செயின் எள்ளுருண்டை மாதிரி ஆகியிருந்தது. எண்ணெய் முழுக்க மண்ணைப் பூசிக்கொண்டிருந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. போட்ட எண்ணெய் உள்ளே நன்றாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எலவனாசூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், மிதித்துக்கொண்டிருந்த அப்பாவின் கால் திடீரென்று சும்மா சுற்றியது. வண்டி நின்று சாய்ந்தது. ஏறி மறுபடி மிதித்தார். நாலு மிதிக்கு ஒரு தடவை பிடித்தது. பிறகு அதுவும் இல்லை. பெடல் முன்னாலும் பின்னாலும் காற்றாடியாகச் சுற்ற, பின்சக்கரம் தனக்குச் சம்பந்தமில்லை என்பது போல நின்றது.

அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஃப்ரீவீலில் விரலைத் தேய்த்துப் பார்த்தார். கெட்டியாக, கறுப்பாக, மணல் மணலாக ஒட்டியது.

"உள்ள இறுகிப்போச்சி. மண்ணெண்ணெ வுட்டு அலசினா வுட்டுடும். ஒரு டம்ளரு போதும்."

ஒரு டம்ளர் மண்ணெண்ணெய். வீட்டில் முந்தின நாள்தான் ஒரு டம்ளரைச் சட்டியோடு சாக்கடையில் கொட்டியிருந்தேன்.

பக்கத்தில் இருந்த ஊருக்குள் தள்ளிக்கொண்டு போனோம். பெட்டிக்கடை சாத்தியிருந்தது. ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண்ணிடம் அப்பா மரியாதையாகத்தான் கேட்டார். "அம்மா, கொஞ்சம் மண்ணெண்ணெ கெடைக்குமாங்க?" அந்தப் பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அடுத்த வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீட்டில் ஒருவர் தடியோடு வந்து, "வந்த வழியே போயிடு" என்றார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

ஊருக்கு வெளியே காலனி. அங்கே கேட்டபோதுதான் புரிந்தது. அப்பா வாயிலிருந்து மண்ணெண்ணெய் என்ற சொல் வந்த நிமிஷத்தில் ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருவர் சைக்கிளைப் பிடுங்கினார். ஒரு பெண் என் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினாள்.

"மண்ணெண்ணெயா? இன்னாத்துக்கு? பக்கத்து ஊர்ல மறியல்காரனுங்க எங்க ஜனங்க குடிசைய கொளுத்திட்டானுங்க, தெரியுமா? அவனுங்களும் சைக்கிள்லதான் வந்தானுங்க!"

தெரியாது. எங்கள் ஊரில் யாரும் அதைச் சொல்லவில்லை, அல்லது எங்கள் காதில் விழவில்லை. எந்த வாரத்தில், யாருடைய வாசலில் நின்று எதைக் கேட்கிறோம் என்று ஏழு வருஷம் வேலைக்குக் காத்திருந்த எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா கும்பிட்ட கையை இறக்காமல், "சைக்கிளுக்குங்க, சைக்கிளுக்குத்தாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. எங்களை ஒரு வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார்கள். வெளியே போன ஒரு ஆள் வந்தால்தான் விடுவோம் என்றார்கள். வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. எனக்குப் பயத்தைவிட வியாழக்கிழமைதான் பெரிதாக இருந்தது.

வந்தவருக்கு முப்பது வயசு இருக்கும், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். என் பையைப் பிரித்து ஒவ்வொரு தாளாக நின்றபடி படித்தார். சாதிச் சான்றிதழை மட்டும் ரெண்டு தடவை படித்தார்.

"உங்க ஆளுங்க எல்லாம் ரோட்ல இருக்காங்க. நீங்க இங்க இன்னா பண்றீங்க?" என்று கேட்டார். அதற்குள் அட்டை அவர் கைக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் குரல் மாறியது. "நாளைக்கா? நான் பி.எட்.ம்மா. எட்டு வருஷமா ரெனிவல் பண்ணிக்கினு இருக்கேன். எனக்கு ஒரு கார்டும் வரல."

சைக்கிளிடம் போய் உட்கார்ந்தார். விரலால் வழித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு இப்டி எண்ணெய கொட்டனது?"

"நான்தாங்க. ஓவராயில் பண்ணேன்" என்றேன்.

"ஓவராயிலா?"

"ஓவர் ஆயில்... எண்ணெ ஜாஸ்தியா..."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, ஆனால் சிரித்தார். "ஓவர்ஹால்ம்மா அது. எண்ணெயே இல்ல அதுல. மொத்தமா கழட்டி, அலசி, தொடச்சி, திருப்பிப் பூட்டறது. எண்ணெ கடைசில ஒரு சொட்டு."

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு பார்வையைச் சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டார். என் காது மடல் சுட்டது. டீச்சர் வேலைக்குப் போகிறவள்.

கண்ணாடிக்காரர் வீட்டுக்குள் போய் அரிக்கேன் விளக்கை எடுத்து வந்தார். அவர் வீட்டுப் பெண், முதலில் என்னிடம் கையை நீட்டியவள், பின்னாலேயே வந்தாள்.

"இருக்கறதே அதான். ராவுக்கு இருட்டுலயா குந்திக்கினு காவல் இருப்ப?"

அவர் விளக்கைக் கவிழ்த்து ஃப்ரீவீலுக்குள் ஊற்றினார். கறுப்பாக வழிந்தது. நாக்கு கொஞ்சம் விட்டுக் கொடுத்தது, முழுக்க விடவில்லை. உள்ளே மணல் போயிருந்தது, கழற்றித்தான் எடுக்க வேண்டும், கழற்ற அவரிடம் சாமான் இல்லை. ஒரு கம்பியை எடுத்துப் பல்சக்கரத்தையும் சக்கரக் கம்பிகளையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். "மிதிக்கறத நிறுத்தாதீங்க, பள்ளத்துலயும் மிதிச்சிக்கினே இருங்க. கம்பி இருக்கற வரைக்கும் போவும்" என்றார். அதற்குள் இருட்டிவிட்டது. அங்கேயே பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர்கள் வீட்டில் அன்று விளக்கு எரியவில்லை.

வியாழக்கிழமை முதல் வெளிச்சத்தில் கிளம்பினோம். அப்பா காலை நிறுத்தாமல் மிதித்தார். உளுந்தூர்பேட்டை தாண்டி, குறுக்கே கிடந்த கிளை ஒன்றில் இறங்கி ஏறியபோது கம்பி பட்டென்று அறுந்தது. கூடவே சக்கரக் கம்பி நாலையும் பிடுங்கிக்கொண்டு போனது. அப்பா அதை எடுத்து முடிந்து பார்த்தார். நிற்கவில்லை. இந்த முறை அவர் யாரிடமும் எதையும் கேட்கப் போகவில்லை.

"நட" என்றார். நடந்தோம். என் செருப்பு அறுந்து, குதிகால் கொப்புளம் உடைந்து, நான் பின்தங்கினேன். அவர் நின்றார்.

"ஏறி குந்து. நான் தள்றேன்."

"வேணாம்பா."

"மலைமேல உப்பு மூட்டய தள்றவன். நீ இன்னா, அத வுட ஜாஸ்தியா இருக்கப் போற?"

ஏறி உட்கார்ந்தேன். ஒரு கையால் ஹேண்டில்பாரையும் ஒரு கையால் சீட்டையும் பிடித்து, குனிந்து, மலையில் சரக்குத் தள்ளுகிறாரே, அப்படியே தள்ளினார். எனக்கு முன்னால் அவருடைய பிடரி வியர்த்துக்கொண்டே போனது. எதிரே நடந்து வந்த ஒருவரிடம் மணி கேட்டேன். பதினொன்றரை என்றார். அப்பாவுக்கும் கேட்டிருக்கும். "இன்னும் கொஞ்சந்தான்" என்றார். அதற்குப் பிறகு நான் யாரிடமும் மணி கேட்கவில்லை. போவதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், இரண்டு பேரில் யார் முதலில் சொல்வது என்று தெரியாமல்தான் போய்க்கொண்டிருந்தோம்.

விழுப்புரத்தில் அந்த ஆபீஸைக் கண்டுபிடித்தபோது மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. பெஞ்சுகளைச் சுவரோரம் தூக்கி அடுக்கிவிட்டிருந்தார்கள். ஒரு குமாஸ்தா மட்டும் மேஜையில் பெரிய நோட்டை விரித்துவைத்து, பெயர்களுக்கு நேராக சிவப்பு மையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். தலைகீழாகவே என் பெயரைப் படித்துவிட்டேன். அதற்கு நேரே 'வரவில்லை' என்று எழுதி மை காய்ந்துவிட்டிருந்தது.

"பத்து மணிக்கு வரச் சொன்னா இப்ப வரீங்க. பக்கத்துல இருக்கறவங்க எல்லாம் வந்து முடிச்சிட்டுப் போயிட்டாங்க. அதிகாரியும் கிளம்பிட்டார்" என்றார். "மறியல்னு தெரியும் இல்ல, ரெண்டு நாள் முன்னாடியே வந்து தங்கியிருக்கணும். போம்மா, அடுத்த கார்டு வரும்."

வரவில்லை. ஒதுக்கீடு வந்தது, சில வருஷம் கழித்து. அதற்குள் எனக்கு வயசு தாண்டிவிட்டது. மலைமேல் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு யாரோ போனார்கள், அப்பா அதற்குப் பிறகு தன் சைக்கிளை அந்தக் கதவில் சாய்த்ததில்லை. இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு அந்த மேஜைக்கு முன்னால் நின்றபோது, ஓடிப்போய் அதிகாரியைப் பிடிக்கலாமா, கெஞ்சினால் அடித்து எழுதுவாரா என்றுதான் என் புத்தி ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அப்பா எனக்கு முன்னால் வந்தார். கறுப்பு எண்ணெய் காய்ந்த இரண்டு கைகளையும் அந்தக் குமாஸ்தாவுக்கு முன்னால் விரித்துக் காட்டினார்.

"பொண்ணு மேல தப்பு இல்லீங்க ஐயா. அது நேத்தே வந்திருக்கும். நான் படிக்காதவங்க. ஓவராயில்னா எண்ணெ ஊத்தறதுன்னு நெனச்சிக்கினு சைக்கிள் பூரா ஊத்திட்டேன். வண்டி நின்னுபோச்சி. என் தப்புதாங்க."

குமாஸ்தாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார், அப்பாவை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏன்யா, டீச்சருக்குப் படிச்ச பொண்ண வீட்டுல வச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை கேட்டுச் செய்யக் கூடாதா?"

அப்பா கைகளைச் சேர்த்துக் கும்பிட்டார்.

"ஆமாங்க. இனிமே பொண்ண கேட்டுச் செய்யறேங்க" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.